தொடைக்காம விட்ட பக்கம்

டேப்பு ஒட்டல. உலகத்துல இன்னைக்கு வேற பிரச்சனையே கெடையாதுங்கற மாதிரி கல்யாண வண்டிக்குப் பூ கட்டற அலங்காரக்காரன் காலங்காத்தால வந்து பானெட்டு மேல ஒரு துண்டு டேப்ப ஒட்டி ஒட்டிக் காட்டினான். அது ஒட்டின வேகத்துல உரிஞ்சு, காத்துல ஆடி, சாக்கடையில போய் விழுந்துச்சு. "என்னங்க போட்டிருக்கீங்க வண்டிக்கு, வெளக்கெண்ணெயா? பழைய மெழுகு ஏறிக் கெடக்குது. மொத்தமா எடுத்து வையுங்க, மத்தியானம் வந்து பூ கட்டறேன். இல்லன்னா மலையில மொத வளைவுலயே ரோசாப்பூ எல்லாம் கொரங்குக்குத்தான்"ன்னு சொல்லிட்டுப் போய்ட்டான். அப்பா உள்ள தூங்கறாரு, ராத்திரி முழுக்க மண்டபத்துக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் சொந்தக்காரங்கள ஏத்தி எறக்கின களைப்பு. அதனால அம்மாபேட்டை சந்துக்குள்ள, அந்தக் கருநீல சுமோ பக்கத்துல, ஒரு வாளி, பாத்திரம் கழுவற சோப்புத் தண்ணி, மெடிக்கல்ல வாங்கின ஸ்பிரிட்டு, கிழிச்ச பனியன் துணியோட பூபதி நின்னான். பாலிடெக்னிக்க ரெண்டாவது வருசம் பாதியில விட்டவன், கொரியர் ஆபீசு, செல்போன் கடைன்னு எதுலயும் ஒரு மழைக்காலம் முழுசாத் தாங்காதவன், வாய மட்டும் எந்த வேலையிலயும் இழக்காம பத்திரமா வீட்டுக்குக் கொண்டு வந்து சேத்தவன். பக்கத்து வீட்டு மாடித் தொட்டியோட நெழலு வண்டி மேல விழுந்திருந்துச்சு. அந்த நெழலு இருக்கற வரைக்கும்தான் வேல, வெயில் பட்ட தகரத்துல ஸ்பிரிட்டு பட்டா கறையாயிடும்னு போன்ல ஒருத்தன் வீடியோவுல சொல்லியிருந்தான். எதிர் வீட்டு ஒர்க்‌ஷாப்காரரு பல்லு குத்திக்கிட்டே, "மண்ணெண்ணெய ஊத்தித் தேச்சு வுடுறா, ஒரு நிமிசம்"ன்னாரு. "மெழுகு போயிரும்ண்ணே, கூடவே பெயிண்டும் போயிரும், அப்புறம் பொண்ண தகரத்துலதான் அனுப்பணும்"ன்னான். அவரு சிரிச்சிட்டாரு. சிரிக்க வைக்கறது பூபதிக்குச் சுலபம். சிரிக்க வச்சிட்டா யாரும் அடுத்த கேள்வி கேக்க மாட்டாங்க.

மொதல்ல சோப்புத் தண்ணி. மேலேர்ந்து கீழ, அழுத்தாம, துணியோட கனமே போதும். அப்புறம் அலசி விட்டுப் பாத்தா மெழுகு இருக்கற எடத்துல தண்ணி முத்து முத்தா நிக்கும், போன எடத்துல பாயா விரிஞ்சு வழியும். முத்து நின்னா ஸ்பிரிட்டுல பாதி தண்ணி கலந்து துணியில நனச்சு தொடைக்கணும், வட்டமா இல்ல, நேர்க்கோடா, வட்டமாத் தேச்சா வெயில்ல செலந்தி வலை மாதிரி கீறல் தெரியும். ஒவ்வொரு கதவா, துணிய மடிப்பு மாத்தி மாத்தி. அந்த வீடியோக்காரன் கடைசியில, அவசரப்படாதீங்க, பெயிண்டு உங்க கூடப் பொறந்த தோலு மாதிரின்னு வேற சொன்னான். கூடப் பொறந்தது உண்மைதான். இந்த வண்டி வந்தப்ப பூபதிக்கு மீசை மொளைக்கல. பதினெட்டு முடிஞ்ச அன்னைக்கே லைசன்ஸ் எடுத்துக் கொடுத்தாரு அப்பா, எடுத்துக் கொடுத்துட்டு அத பீரோவுல சேலைக்கு அடியில வச்சாரு. "வண்டி ஓட்டத் தெரியணும்டா, ஆனா ஓட்டிப் பொழைக்கக் கூடாது"ன்னாரு. ஓட்டிப் பொழைக்க மாட்டேன்னு பூபதியும் சொன்னான், அதுல மட்டும்தான் அப்பனும் மகனும் இன்னைக்கு வரைக்கும் ஒரே கட்சி. அடுத்தவன் கல்யாணத்துக்குப் பூ கட்டி, அடுத்தவன் கோயிலுக்கு எலுமிச்சம்பழம் நசுக்கி, அடுத்தவன் சாப்பிடறப்ப வெளிய நின்னு ஏசி ஓடுதான்னு பாத்து, கடைசியில முதுகு சீட்டோட வடிவத்துக்கு வளைஞ்சு போயி. வேணாம்பா. காலேஜ் போனான், காலேஜும் வேணாம்னு ஆச்சு. எது வேணும்னு கேட்டா மட்டும் இந்த வாயிக்கு வார்த்த வராது, வேற எல்லாத்துக்கும் வரும்.

டிரைவர் பக்கத்து முன் கதவத் தொடைக்கறப்பதான் அந்த வெள்ளைய கவனிச்சான். கதவோட பின் ஓரத்துல, ரப்பரு வர்ற எடத்துல, மாவு பூசின மாதிரி ஒரு பட்டை. மெழுகு போட்டு, காயவிட்டு, தொடச்சு எடுக்கணும்ல, அங்க எடுக்கவே இல்ல, அப்படியே காஞ்சு தோலாப் பிடிச்சிருக்கு. ஆயுத பூசைக்கு முன்னால அப்பா போட்ட மெழுகு, தை பொறந்திருச்சு. அந்த மனுசன் மெழுகு போட்டா தொடச்ச எடத்துல மூஞ்சி பாத்துச் சவரம் பண்ணலாம்னு வாடகைக் கார் ஸ்டாண்டுல பேரு. வயசாகுதுய்யா மாதேஸ்வரனுக்குன்னு பூபதி மனசுக்குள்ள நக்கலடிச்சான். பின் கதவுக்குப் போனா அங்கயும் பின் ஓரத்துல அதே வெள்ளை, அதே அகலம். கண்ணாடிக்குக் கீழ, கைப்பிடிக்கு அந்தாண்ட. அம்மா அந்த நேரம் பாத்து கையில ஒரு கறுப்புக் கயிறு, எலுமிச்சம்பழம், பச்ச மொளகாயோட வந்துச்சு. வண்டியச் சுத்திட்டுப் போயி இடது பக்கத்துக் கண்ணாடியில கட்ட ஆரம்பிச்சுது. "ஏம்மா, போன வாரம் கட்டினதே அங்கதான் காஞ்சு தொங்குது. ஊறுகாய் போடறியா?" "வாய மூடுறா. வண்டிக்கு இடது பக்கம் கண்ணு விழுந்திருக்கு. பால் வண்டிக்காரன் ஒரசினது இடது பக்கம், ஸ்கூல் கேட்டுல இடிச்சது இடது பக்கம், இந்தக் கரண்டு கம்பத்துல பாரு, நம்ம வண்டி கலரு அப்படியே ஒட்டியிருக்கு. எல்லாம் இடது. சோசியக்காரரும் அதத்தான் சொன்னாரு. பூசணிக்காயக் கூட இடது டயருக்குத்தான் ஒடைக்கச் சொன்னாரு." "வலது டயரு கோவிச்சுக்காதா?" "தூ" ன்னு எலுமிச்சம்பழத்து மேலயும் மகன் மேலயும் ஒண்ணாத் துப்பிட்டு அம்மா உள்ள போய்ருச்சு. சாந்தாமணிக்கு எல்லாத்துக்கும் ஒரு கண்ணு வேணும், பட்ட கண்ணு.

பானெட்டுல, முன்னால நின்னு பாத்தா, டிரைவர் பக்கமா ஒரு திட்டு. அதையும் பாத்தான். துணியப் புழிஞ்சான். புழிஞ்ச தண்ணி பால் மாதிரி போச்சு. இப்ப வண்டியச் சுத்தி இடது பக்கம் வந்தான், அம்மா கட்டின மொளகா மூஞ்சில இடிச்சுது, முன் கதவுல பாத்தா வெள்ளை இருக்கு, ஆனா பின் ஓரத்துல இல்ல, முன் ஓரத்துல. பின் கதவுலயும் முன் ஓரத்துல. இது என்ன கணக்கு? அந்தப் பக்கம் பின்னால, இந்தப் பக்கம் முன்னால. வெயில் அடிச்ச பக்கமா இருக்கும், வண்டி எப்பவும் ஒரே மொகமாத்தான் நிக்குது, வெயில்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரியில்ல காயணும். மழையா இருக்கும், மழை என்ன கதவு பாத்தா பெய்யும். கண்ணுதான்னா அம்மா சொல்ற இடது பக்கம் மட்டும்தான இருக்கணும், வலது பக்கக் கதவு ரெண்டும் என்ன பாவம் பண்ணுச்சு. பூபதி மறுபடியும் அந்தப் பக்கம் போனான். வந்தான். போனான். கதவுக்கு நேரா நின்னு, அப்பா நின்ன மாதிரியே நின்னு, வலது கைய நீட்டி தொடைக்கற மாதிரி காத்துல ஆட்டினான். இந்தப் பக்கம் நின்னா தன்னோட இடது கைப் பக்கம் வண்டியோட பின்னால. அந்தப் பக்கம் போயி நின்னா தன்னோட இடது கைப் பக்கம் வண்டியோட முன்னால. முன்னால நின்னா இடது கைப் பக்கம் டிரைவர் பக்கம். வண்டிக்கு இடது இல்ல. மனுசனுக்கு இடது. எங்க நின்னாலும், நின்ன ஆளோட இடது கைப் பக்கம் முழுக்க தொடைக்காமயே கெடக்கு. துணி கையிலேர்ந்து நழுவி மண்ணுல விழுந்துச்சு. மண்ணுல விழுந்த துணிய மறுபடி பெயிண்டுல வைக்கக் கூடாது, கீறல் விழும். குனிஞ்சு எடுக்கல. கால் பக்கத்துல கெடக்கற துணியையே பாத்துக்கிட்டு நின்னான்.

விட்டுட்டாரு, சோம்பேறித்தனம்னு ஒரு தடவ சொல்லிப் பாத்தான். ஒட்டல, டேப்பு மாதிரியே. சோம்பேறி எங்க வேணா விடுவான், ஒரே பக்கமா விட மாட்டான். அப்புறம் ஒண்ணு ஒண்ணா வர ஆரம்பிச்சுது, கூப்பிடாமயே, கல்யாண வீட்டுக்குள்ள பத்திரிகை இல்லாம நொழையற கூட்டம் மாதிரி. தட்டுல இட்லி. அப்பா தட்டுல இடது பக்கத்து இட்லி அப்படியே இருக்கும், சட்னி இடது பக்கம் வச்சா "சட்னி இல்லயா சாந்தா"ம்பாரு. பூபதி சொன்னான், "அப்பா டயட்டும்மா, பாதித் தட்டு டயட்டு." அம்மா சிரிச்சுது. சவரம் பண்ணிட்டு வர்றப்ப இடது கன்னத்துல நரச்ச முள்ளு நிக்கும். பூபதி சொன்னான், "என்னங்கப்பா, பாதி மாப்பிள்ளை பாதி சாமியாரா?" அப்பாவே சிரிச்சாரு, கன்னத்தத் தடவிக்கிட்டே கண்ணாடி பக்கம் போயி, திரும்பி வந்தாரு, முள்ளு அங்கயேதான் இருந்துச்சு. பேப்பர எடுத்து தலைப்ப பாதியிலேர்ந்து படிப்பாரு, அர்த்தமே இருக்காது. பூபதி சொன்னான், "பேப்பர்காரன் பாதி வெல வாங்கினா நியாயம்." எல்லாத்தையும் பாத்திருக்கான். டாக்டரு பாக்கற மாதிரி பாத்திருக்கான். பாத்துப் பாத்து, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஜோக்கு செஞ்சு, வீட்டுக்குள்ள வெளையாட்டுக் காட்டியிருக்கான். அம்மா எலுமிச்சம்பழம் கட்டுச்சு, அவன் ஜோக்கு கட்டினான், ரெண்டுமே ஒரே கயிறு. எப்போலேர்ந்து? பொரட்டாசியில ஒரு நாள் ஸ்டாண்டுல ஸ்டீரிங் மேலயே தலைய வச்சு அப்பா படுத்துக் கெடந்தாருன்னு போன் வந்துச்சு. இவன் போறதுக்குள்ள எலுமிச்ச சோடா குடிச்சிட்டு உக்காந்திருந்தாரு. "பித்தம்டா, தலைய வலிச்சுது, போயிருச்சு." வாய் கோணல, கை கால் இழுக்கல, வண்டிய அவரே ஓட்டிட்டு வந்தாரு. ஓட்டிட்டு வந்தாரு. அன்னைக்கு இவன் பக்கத்துல உக்காந்திருந்தான், இடது சீட்டுல, அவரு இவன் பக்கம் திரும்பவே இல்ல, கோவம்னு நெனச்சான், காலேஜ விட்டதுக்கு இன்னும் கோவம்னு. கோவம் இல்ல. அவருக்கு அங்க ஆளே இல்ல. பால் வண்டி இல்ல, ஸ்கூல் கேட்டு இல்ல, கரண்டு கம்பம் இல்ல, இட்லி இல்ல, மகன் இல்ல. ஒலகத்துல பாதிய யாரோ அழிச்சு எடுத்துட்டுப் போய்ட்டாங்க, எடுத்துட்டுப் போனதும் அவருக்குத் தெரியல, இல்ல, தெரியுமோ? ஐப்பசியிலேர்ந்து மலை சவாரி ஒண்ணு கூட எடுக்கலயே. வந்தவங்களையெல்லாம் பிரேக்கு சரியில்ல, க்ளச்சு சரியில்லன்னு தட்டிக் கழிச்சாரே. பிரேக்கு நல்லாத்தான இருந்துச்சு.

இன்னைக்கு மலை. அதத்தான் மனசு சுத்திச் சுத்தி வந்து நிக்குது. வெள்ளிக் கொலுசு பட்டறைக்காரரு வீட்டுப் பொண்ணு செண்பகா, எல்.கே.ஜி.லேர்ந்து இதே வண்டியில ஸ்கூல் போன பொண்ணு, மாப்பிள்ளைக்கு ஊரு ஏற்காடு. "மாதேசு மாமா வண்டியிலதான் நான் புருசன் வீட்டுக்குப் போவேன்"ன்னு மேடையிலயே சொல்லிருச்சாம். அப்பா அத வந்து சொன்னப்ப அவரு கண்ணு கலங்கினத பூபதி பாத்தான், அதுக்கும் ஒரு ஜோக்கு சொன்னான், என்ன ஜோக்குன்னு இப்ப ஞாபகம் இல்ல. வண்டியில செண்பகா, மாப்பிள்ளை, பின்னாடி நண்டும் சிண்டுமா கொழந்தைங்க. கொண்டை ஊசி வளைவு. ஒரு வளைவுக்கு மலை இடது பக்கம், அடுத்த வளைவுக்குப் பள்ளம் இடது பக்கம். இல்லாத பக்கத்துல பள்ளம். இல்லாத பக்கத்துல நடந்து போறவன், சைக்கிள்காரன், ஆட்டுக்குட்டி. சொல்லிரலாம். யார்கிட்ட? அம்மாகிட்ட சொன்னா அழுதுகிட்டே இன்னொரு பூசணிக்கா வாங்கப் போகும். பட்டறைக்காரருகிட்ட சொன்னா, "மாதேசு வண்டியில ஏறாதீங்க"ன்னு மகன் வாயாலயே ஊருக்குச் சொன்ன மாதிரி. அதோட முடிஞ்சுது. ஸ்டாண்டுல ஒரு நாள்ல பரவிடும். அப்புறம் யாரு ஓட்டறது? பீரோவுல சேலைக்கு அடியில லைசன்ஸ் இருக்கு. அதுலயும் அவன் மூஞ்சிதான் இருக்கு. இன்னைக்கு ஒரு நாளுன்னு ஏறி உக்காந்தா நாளைக்கும் உக்காரணும், அடுத்த முகூர்த்தத்துக்கும் உக்காரணும், சீட்டு முதுகோட வடிவத்துக்கு வளையாது, முதுகுதான் சீட்டோட வடிவத்துக்கு வளையும். சொல்லாம இருக்கலாம். சொல்லாம இருக்கறதுக்கு ஒண்ணுமே பண்ண வேண்டாம், வேலைய மட்டும் முடிச்சாப் போதும். புதுத் துணிய எடுத்து, ஸ்பிரிட்ட நனச்சு, நேர்க்கோடா நாலு இழுப்பு, வெள்ளை போயிரும். கண்டுபிடிச்சதும் போயிரும். தப்பா நெனச்சுக்கிட்டேன்னு அவனே நம்பிருவான். இடது பின் கதவுல தொடச்சான். போயிருச்சு. அவ்வளவு சுலபமாப் போகும்னு நெனைக்கல. தண்ணி ஊத்தினான், விரிஞ்சு பாயா வழிஞ்சுது, ஒரு முத்து நிக்கல. வலது பக்கம் ரெண்டு கதவும். பானெட்டு. கை அது பாட்டுக்குத் தொடைக்குது, மனசு பின்னாலயே ஓடி ஓடி நிறுத்துன்னு கத்துது. கடைசியில இடது முன் கதவு மட்டும் பாக்கி. எலுமிச்சம்பழத்துக்குக் கீழ, அந்த வெள்ளைப் பட்டை. நெழலு சுருங்கிக்கிட்டே வந்து அந்தக் கதவு மேல மட்டும் மிச்சம் இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல வெயில் வந்துரும், அப்புறம் தொடைக்கக் கூடாது. தொடைக்கறதுன்னா இப்பவே தொடைக்கணும். துணிய கதவு வரைக்கும் கொண்டு போனான். கை அங்கயே நின்னுருச்சு.

கதவு தெறக்கற சத்தம். அப்பா குளிச்சு, திருநீறு வச்சு, வெள்ளைச் சட்டை போட்டு வாசல்ல வந்து நின்னாரு. திருநீறு இடது பக்கம் போகாம நெத்தியில பாதியிலயே நின்னிருந்துச்சு. இவ்வளவு நாளு அதையும் ஸ்டைலுன்னு நெனச்சிருந்தான். சாவி பூபதி சட்டைப் பையில இருந்துச்சு, கதவத் தெறந்து தொடைக்க எடுத்தது. சத்தம் போடாம நகந்து அப்பாவுக்கு இடது பக்கம் போயி நின்னான், தோளுக்கு ஒட்டினாப்பல, சோப்பு வாசனை வர்ற தூரத்துல. சாவிய எடுத்து அப்பா காதுக்குப் பக்கத்துல நீட்டிப் பிடிச்சான். பாத்துருங்கப்பா. திட்டுங்கப்பா, என்னடா வெளையாட்டுன்னு ஒண்ணு வைங்கப்பா. அப்பா வண்டியப் பாத்தாரு, சந்தப் பாத்தாரு, வலது பக்கம் திரும்பிப் பாத்தாரு. "பூபதி! சாவி எங்கடா? எங்க போய்த் தொலைஞ்சான் இவன்." பூபதி வாயத் தெறந்தான். பொறந்ததுலேர்ந்து மொத தடவ, ஜோக்கு வரல.

"இங்கதாங்கப்பா இருக்கேன்."

அப்பா ஒடம்ப முழுசாத் திருப்பினாரு, தேரத் திருப்பற மாதிரி. மகன் மூஞ்சியப் பாத்தாரு, நீட்டின கையப் பாத்தாரு, சாவியப் பாத்தாரு. எவ்வளவு நேரமா நிக்கறான்னு அவரு கணக்குப் போடறது தெரிஞ்சுது. "வெயிலு, கண்ணு கூசுது"ன்னாரு. பூபதி அவரு கையப் பிடிச்சு நடத்திட்டுப் போயி, இடது முன் கதவுல அந்த வெள்ளைப் பட்டை மேல அவரு வெரல வச்சான். அப்பா தடவிப் பாத்தாரு. சொரசொரப்புப் பட்டதும் தொழில்காரன் குரல் வந்துருச்சு. "என்னடா வேல பாத்திருக்க? இங்க விட்டுட்ட பாரு."

"அது நான் விட்டது இல்லப்பா. ஆயுத பூசைக்கு நீங்க விட்டது. சுத்தியும் இப்படித்தான் இருந்துச்சு. எங்க நின்னீங்களோ அங்கெல்லாம் உங்க இடது கைப் பக்கம்."

வெரலு அங்கயே இருந்துச்சு. எதிர் ஒர்க்‌ஷாப்புல யாரோ தகரத்த அடிச்சாங்க, நிறுத்தினாங்க. அப்பா கதவப் பாத்தாரு, பாதிக் கதவ.

"சரியாப் போயிரும்னு நெனச்சேன்டா"ன்னாரு. "தானா வந்துச்சு, தானாப் போயிரும்னு."

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கணும்ல? எங்கிட்டயாவது சொல்லியிருக்கணும்ல?"

"சொன்னா?" அப்பா திரும்பிப் பாக்கல. "சொன்னா நீதான ஏறி உக்காருவ."

பூபதி கையில இருந்த துணிய நேர்க்கோடா இழுத்தான், ஒண்ணு, இன்னொண்ணு. வெள்ளை போயி கருநீலம் வந்துச்சு. அதுல அப்பா மூஞ்சியும் இவன் மூஞ்சியும் மங்கலாத் தெரிஞ்சுது, வெயில் ஏறினதும் ரெண்டும் காணாமப் போச்சு. "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரி. இன்னைக்கு நான் எடுக்கறேன். நீங்க வாங்க, செண்பகா உங்களத்தான கேட்டுச்சு, பக்கத்துல உக்காருங்க"ன்னான். "ஏற்காடு வளைவுடா"ன்னாரு அப்பா. "தெரியும்பா." "வளைவுல ரெண்டாவது கியர விட்டு மாத்தாத." "சரிப்பா."

பூ அலங்காரக்காரன் வந்தான், டேப்ப ஒட்டினான், ஒட்டுச்சு. இழுத்துப் பாத்தான், வரல. "இப்பப் பாருங்க"ன்னு சிரிச்சான். அம்மா உள்ளேர்ந்து தேங்காயோட ஓடி வந்து, பூபதி டிரைவர் சீட்டுல ஏறறதப் பாத்து வாசப்படியிலயே நின்னுருச்சு. அப்பா வண்டியச் சுத்திட்டு வந்து இடது கதவத் தெறந்தாரு. அந்த வண்டி வாங்கின நாளுலேர்ந்து அவரு உக்காராத சீட்டு. ஏறி உக்காந்து, காலை எங்க வைக்கறதுன்னு தெரியாம வச்சு, கைய மடியில போட்டுக்கிட்டாரு. சந்துலேர்ந்து ரிவர்ஸ்லதான் எடுக்கணும். முனையில கரண்டு கம்பம், அதுல இவங்க வண்டியோட கருநீலம் வரிவரியா. முன் சீட்டுல இடது பக்கம் உக்காந்திருக்கறவன்தான் எடம் பாத்துச் சொல்லணும், அதுதான் வழக்கம். இவ்வளவு வருசமா அவரு கேப்பாரு, இவன் சொல்லுவான்.

"இடது பாத்துச் சொல்லுங்கப்பா"ன்னான் பூபதி. கேக்காம இருந்திருக்கலாம். கேக்காம இருந்தா அவரு அங்க எதுக்கு உக்காந்திருக்கணும்.

அப்பா நிமிந்து உக்காந்தாரு. நேரா முன்னாலயே பாத்துக்கிட்டு, ஸ்டாண்டுல சொல்ற அதே கம்பீரமான குரல்ல சொன்னாரு. "வரலாம். வரலாம். வா வா. நெறைய எடம் இருக்கு."

கண்ணாடிக்குள்ள கம்பம் நெருங்கி வந்துச்சு. ஆடற எலுமிச்சம்பழத்துக்குப் பின்னால, ரோசாப்பூவுக்குப் பக்கத்துல, ஒரு வெரல் தூரம். பூபதி பிரேக்க மெல்ல அழுத்தினான், சத்தம் வராம. ஸ்டீரிங்க ஒடிச்சான், கொஞ்சம் முன்னால வந்தான், மறுபடி ஒடிச்சான். கம்பம் தள்ளிப் போச்சு.

"இருக்குதா எடம்?"ன்னாரு அப்பா.

"இருக்குதுப்பா"ன்னு சொல்லிட்டு வண்டிய வெளிய எடுத்தான்.